மாடித்தோட்டத்துக்குப் பீட் வாங்கலாமா? எடுப்பதும் மீட்பதும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமா?

கேள்வி: வேளச்சேரி மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளைக் குழித்தட்டுகளில் வளர்த்து, சுற்றுவட்டாரத்தில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விற்று வருகிறேன். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவையைத்தான் எப்போதும் பயன்படுத்துகிறேன். இப்போது பெட்டூனியா, பெகோனியா போன்ற பூச்செடி நாற்றுகளையும் கேட்கிறார்கள். அவற்றின் விதை கண்ணுக்கே சரியாகப் படாத அளவு சிறியது என்பதால், இறக்குமதியான பீட் மாஸில் (குளிர்நாட்டுச் சதுப்புகளில் முழுதாக மட்காமல் படிந்த பாசி) விதைத்தால்தான் முளைப்பு ஒரே சீராக இருக்கும் என்று விதைக்கடைக்காரர் சொல்கிறார்.

அவர் காட்டிய மூட்டையின் பின்புறத்தில், பால்டிக் நாடு ஒன்றின் சதுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்றும், எடுத்து முடித்தபின் அந்த நிலம் மீட்டெடுக்கப்படும் என்றும் அச்சிட்டிருந்தார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாங்கள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் குடியிருப்பவர்கள். ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில், குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் எடுத்துக்கொண்டதுபோக எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறோம். இடம் இழந்த தண்ணீர் 2015 டிசம்பரில் யாருடைய வீட்டுக்குள் வந்தது என்பதையும் அறிவோம். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது சேர்க்கப்பட்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தோம். ஆனால் போன பரப்பு திரும்பி வரவில்லை.

ஆகவே கேட்கிறேன். பீட் எடுக்கும் தொழிலும் பீட் நிலப் பாதுகாப்பும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடியவையா? எடுத்தபின் மீட்கிறோம் என்று சொல்கிறார்களே, மீண்டு வருவது எது, எவ்வளவு காலத்தில்? சென்னையில் ஒரு சிறு நாற்றுப்பண்ணை வாங்கும் சில மூட்டைகள் இதில் ஒரு பொருட்டாகுமா? விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

பதில்: அடையாறு மண்ணியல் ஆசிரியர் (ஓய்வு)

வணக்கம். தாங்கள் கேட்ட மூன்றில் நடுக்கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் வழி பிறக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பீட் என்பது முழுதாக மட்காமல் நின்றுபோன தாவரம். நீர் தேங்கிய நிலத்தில் செத்து விழும் பாசிக்கும் புல்லுக்கும் காற்று எட்டாததால், அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலை மிகவும் மந்தமாகிறது. குளிர்நாட்டுச் சதுப்புகளில் வளரும் ஸ்பாக்னம் பாசி தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கும் இயல்புடையது. காற்றும் இல்லை, புளிப்பும் உண்டு என்றால் ஊறுகாய் ஜாடிக்குள் காய் கெடாமல் கிடப்பதைப் போல அந்தப் பாசி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். இப்படிப் படியும் அடுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உயர்கிறது. ஒரு மீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உலக நிலப்பரப்பில் 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே உள்ள இந்த நிலங்கள், உலக மண்ணில் உள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கின்றன. எல்லாக் காடுகளின் மரங்களிலும் உள்ள கரிமத்தைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

எடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் இழப்பு எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். இயற்கையான பீட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். அதை அப்படியே மூட்டை கட்ட முடியாது. ஆகையால் முதலில் சதுப்பின் குறுக்கே இணையிணையாக வடிகால்களை வெட்டி நீரை இறக்குகிறார்கள். அடுத்து மேலே உயிரோடு இருக்கும் பாசித் தோலை உரித்து நீக்குகிறார்கள். பிறகு கோடையில் மேற்பரப்பை மெல்லிய படலமாகக் கிளறி, வெயிலில் உலரவிட்டு, பெரிய உறிஞ்சு இயந்திரங்களைக் கொண்டு சேகரிக்கிறார்கள். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் சில பத்தாண்டுகளுக்கு இது தொடரும். இதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: முதல் மூட்டை விற்பனைக்கு வருவதற்கு முன்பே, வடிகால் வெட்டிய நாளிலேயே கரிமம் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. நீர்மட்டம் இறங்கிய ஆழம் வரைக்கும் காற்று நுழைந்து, இன்னும் எடுக்கப்படாத பீட்டும் மட்கி, கரியமில வாயுவாகப் போய்க்கொண்டிருக்கும். தொட்டியில் நாம் இடும் பீட்டும் அதே வழியில்தான் கரையும். உலகெங்கும் வடிக்கப்பட்ட பீட் நிலங்களிலிருந்து வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்கள், மனிதச் செயல்களால் ஆகும் மொத்த வெளியீட்டில் 4 முதல் 5 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள்.

இனி மீட்டலுக்கு வருகிறேன். இதில் மிகவும் நேர்மையான சான்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள புவா-தே-பெல் என்ற சதுப்பு. 1970களில் அங்கே பீட் எடுத்தார்கள். 1980-இல் நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தும் அந்த வெற்றுத்தரையில் பாசி தானாகத் திரும்பவில்லை. உலர்ந்த பீட் மேற்பரப்பு பகலில் கடுமையாகச் சூடேறும், பனிக்காலத்தில் உறைந்து பிளக்கும்; அங்கே பாசியின் சிறு துணுக்கு நிலைப்பது கடினம். 1999-இல் லாவல் பல்கலைக்கழகத்தின் லைன் ரோஷ்ஃபோர் தலைமையிலான ஆய்வாளர்கள் அங்கே வடிகால்களை அடைத்தார்கள். நீரைப் பிடித்து நிறுத்தும் தாழ்வான வரப்புகளை எடுத்தார்கள். அருகிலுள்ள உயிருள்ள சதுப்பிலிருந்து மேலோட்டமாக எடுத்த பாசித் துணுக்குகளைத் தூவி, அவற்றின் மேல் வைக்கோல் பரப்பி, சிறிதளவு பாஸ்பரஸ் உரம் இட்டார்கள். ஒரு ஹெக்டேரில் எடுக்கும் பாசி ஏறத்தாழ பத்து ஹெக்டேருக்குப் போதும். எடுத்த இடத்திலும் அது மீண்டும் வளர்ந்துவிடும். பதினான்கு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அந்த நிலம் வெளியிடுவதைவிட அதிகமான கரிமத்தை ஈர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

இது பெரிய சாதனை. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் பதினான்கு ஆண்டுகளில் திரும்பியது உயிருள்ள மேல்தோலும், கரிமத்தை ஈர்க்கும் வேலையும் மட்டுமே. மூட்டைகளில் கட்டி அனுப்பப்பட்ட தடிமன் திரும்ப வேண்டுமென்றால் தலைமுறைகளை எண்ணிப் பயனில்லை, பேரரசுகளை எண்ண வேண்டும். ஆகவே எடுத்ததற்கு மீட்டது ஈடாகிவிட்டது என்று ஒரே நிலத்தை வைத்துக் கணக்கை முடிப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. மீட்பது கட்டாயக் கடமை. அது எடுப்பதற்கான உரிமத்தின் விலையாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கரணை பீட் நிலம் அன்று. அது களிமண் படிந்த கடலோரச் சமவெளிச் சதுப்பு. ஆயினும் நீர்மட்டத்தைக் குலைத்தால் எல்லாம் குலையும் என்ற விதி இரண்டுக்கும் பொது.

பதில்: மாதவரம் நாற்றுப்பண்ணை

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. அறிவியலில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பழி யார்மீது எந்த அளவில் விழ வேண்டும் என்பதில் உண்டு. பீட்டையும் நார்க்கழிவையும் இரண்டையும் கையாள்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கனடாவில் உள்ள பீட் நிலம் 11 கோடி ஹெக்டேருக்கும் மேல். அதில் தோட்டக்கலைக்காக எடுக்கப்படுவது ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மிகக் குறைவு. உலகளவிலும் பீட் நிலங்கள் அழிவதற்குப் பெரும் காரணம் மூட்டை கட்டி விற்பவர்கள் அல்லர்; பயிர் செய்யவும் மரம் வளர்க்கவும் எண்ணெய்ப்பனை நடவும் நீரை வடித்தவர்களே. இந்தோனேசியாவில் 1990களின் நடுவில், நடுக் காலிமந்தானின் பீட் காடுகளில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்களை வெட்டினார்கள். நெல் விளையவில்லை, உலர்ந்த பீட் 1997-இல் பற்றி எரிந்தது. தரைக்கு அடியில் புகைந்துகொண்டே செல்லும் அந்தத் தீயை மழை வந்துதான் அணைக்க வேண்டியிருந்தது. 2015-இல் மறுபடியும் பெருந்தீ மூண்டு, அந்நாட்டில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பீட் நிலம். அதன் பிறகே, 2016-இல் பீட் மீட்புக்கென்று தனி அமைப்பு ஒன்றை அரசு நிறுவி, கால்வாய்களை அடைக்கும் வேலையைத் தொடங்கியது. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது நம் நாடு. அந்தப் பனைத் தோட்டங்களில் ஒரு பகுதி வடிக்கப்பட்ட பீட்டின் மீது நிற்கிறது. சென்னைக் குடும்பம் ஒன்றுக்கும் பீட் நிலத்துக்கும் உள்ள பெரிய தொடர்பு மாடியில் உள்ள தொட்டியில் இல்லை, அடுப்பங்கரையில் உள்ள எண்ணெய்த் தூக்கில் இருக்கிறது.

இரண்டாவதாக, ஓர் இடத்தில் தடை போட்டால் அந்தத் தேவை மறைந்துவிடுவதில்லை. அயர்லாந்தில் 1946 முதல் பீட் எடுத்து வந்த போர்ட் நா மோனா என்ற அரசு நிறுவனம், இனி எடுப்பதில்லை என்று 2021 ஜனவரியில் அறிவித்தது. தான் வடித்த சதுப்புகளில் 33,000 ஹெக்டேரை மீண்டும் நனைக்கும் திட்டத்தையும் ஏற்றுக்கொண்டது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் அதே ஆண்டிலேயே அந்நாட்டின் காளான் வளர்ப்பவர்களுக்கும் நாற்றுப்பண்ணைகளுக்கும் லாட்வியாவிலிருந்து கப்பலில் பீட் வந்து இறங்கியது. உள்ளூர்ச் சதுப்பு தப்பியது. வேறொரு நாட்டுச் சதுப்பிலிருந்து, கூடுதல் கப்பல் எரிபொருளோடு, அதே பொருள் வந்தது. மாற்றுப்பொருளைத் தயார்செய்யாமல் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும்.

மேலும், ஐரோப்பாவில் காய்கறி நாற்றுத் தொழிலின் பெரும்பகுதி இன்றும் பீட்டை நம்பியிருக்கிறது. உப்பு இல்லை, களைவிதை இல்லை, நோய்க்கிருமி குறைவு, ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் வேறுபாடு இல்லை. இத்தனையும் ஒரே பொருளில் கிடைப்பது அரிது. ஏற்கெனவே வடிக்கப்பட்டுப் பாழான சதுப்பில் எஞ்சியதை எடுத்து, அதன் வருவாயிலேயே அந்த நிலத்தை மீட்பது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி என்றே கருதுகிறேன்.

பதில்: உதகையிலிருந்து தாம்பரம்

பீட் என்றால் கனடாவும் அயர்லாந்தும் மட்டும் அல்ல. நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரியின் மேட்டுநிலத்தில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல், சோலைக்கும் புல்வெளிக்கும் இடையே உள்ள பள்ளத்தாக்குகளின் அடியில் அது கிடக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது உதகைக்குப் பக்கத்தில். வேலைக்காகத் தாம்பரத்தில் இருக்கிறேன்.

உதகையை அடுத்த சாண்டிநல்லாவில் எடுத்த பீட் அடுக்குகளை வைத்து இரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடுக்குகளில் உள்ள கரிம ஓரிடத்தான்களை (எடையில் மட்டும் வேறுபடும் கரிம அணு வகைகளை) அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழை எப்போது வலுத்தது, எப்போது தளர்ந்தது, காட்டுத் தாவரமும் புல்லும் எப்படி மாறிமாறி மேலோங்கின என்பதை அதிலிருந்து படித்தார்கள். தென்னிந்திய மழையின் இவ்வளவு நீண்ட பதிவேடு வேறெங்கே இருக்கிறது? அதை வெட்டிவிட்டால், அந்த ஏட்டை மறுபடி எழுதித்தர எந்த மீட்புத் திட்டத்தாலும் ஆகாது. மீட்டல் பற்றிப் பேசும்போது கரிமக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

பிரிட்டிஷார் காலத்தில் உதகையில் இந்தப் பீட்டை வெட்டி, உலர்த்தி, அடுப்பெரிக்கப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் உயிர் உரங்களுக்கும் இது பயன்பட்டது. ரைசோபியம், அசோஸ்பைரில்லம் பொட்டலங்களில் நுண்ணுயிரைத் தாங்கி நிற்கும் அந்தக் கருநிறப் பொடி, பீட் மண் அல்லது பழுப்பு நிலக்கரியைச் சுண்ணாம்புச் சத்தால் புளிப்பு நீக்கிச் செய்யப்படுவது. இப்போது அந்த இடத்தைத் திரவ உயிர் உரங்கள் பிடித்து வருவது நல்ல மாற்றம்.

ஆனால் நீலகிரியில் பீட்டை அழித்தது முக்கியமாகத் தோண்டி எடுத்தது அன்று. பள்ளத்தாக்கின் அடியில் உள்ள கரிசல் நிறமான ஈரமண் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் நன்றாக இருக்கும் என்று வாய்க்கால் வெட்டி வடித்தார்கள். சுற்றுச் சரிவுகளில் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) நட்டார்கள். பள்ளத்தாக்குகள் பலவற்றை மின்திட்ட அணைகளின் நீர்த்தேக்கங்கள் மூடிவிட்டன. புதிதாக வெட்டிய வாய்க்காலின் பக்கச்சுவரை அருகில் குந்திப் பார்த்தால் தெரியும்: மேலே வேர்ப்பின்னல், அதன் கீழே கன்னங்கரேலென்று பிசையக்கூடிய மண், அதில் இன்னமும் அடையாளம் தெரியும் புல்தண்டுகள், சுவர் முழுவதிலும் கசிந்து இறங்கும் நீர். சில மாதங்களில் அதே சுவர் சுருங்கி வெடித்து, கையில் எடுத்தால் காப்பித்தூள் நிறத்தில் உதிரும். ஒருமுறை அப்படி முழுதாக உலர்ந்த பீட், மறுபடி நீர் ஊற்றினாலும் முன்போல உறிஞ்சுவதில்லை.

தோடர்களின் எருமைகள் மேய்வதும், அவர்களுடைய கோயிற்கூரைகளுக்கு வேண்டிய புல் வளர்வதும் இந்தச் சதுப்புகளில்தான். சதுப்பு போனதால் அந்தப் புல்லைத் தேடி நெடுந்தூரம் அலைய வேண்டியிருக்கிறது. சென்னைக்காரர்களுக்கும் இதில் தொடர்பு இல்லாமல் இல்லை. நீலகிரியில் பிறக்கும் பவானி காவிரியில் கலக்கிறது. காவிரி நீர் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது. வீராணத்து நீர் நம் குழாயில் வருகிறது. மழையைப் பிடித்து வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வேலையின் முதல் படி அந்தப் பள்ளத்தாக்குகளில் நடக்கிறது.

மாதவரம் நண்பரே, ஏற்கெனவே வடித்துவிட்ட இடத்தில் எஞ்சியதை எடுக்கலாம் என்கிறீர்கள். எஞ்சிய பீட்தானே மீட்புக்கு அடித்தளம்? அதையும் கனிம மண் தெரியும் வரைக்கும் சுரண்டிவிட்டால் அங்கே ஸ்பாக்னம் சதுப்பு திரும்புவது மிகக் கடினம். எவ்வளவு தடிமனை விட்டுவைக்க வேண்டும் என்பதை எடுக்கத் தொடங்குமுன்பே எழுதிக் கையொப்பமிட வைக்காத எந்த ஒப்பந்தத்தையும் என்னால் ஏற்க முடியாது.

பதில்: பொள்ளாச்சி நார், போரூர் கிடங்கு

கேட்டவர் பூச்செடி விதைக்கு வழி கேட்டிருக்கிறார். அதற்கு விடை சொல்லிவிட்டு, எங்கள் தொழிலைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன்.

நார்க்கழிவில் சிறுவிதைகள் சரியாக முளைக்கவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் உப்பு. கடலோரத் தோப்பு மட்டையிலும், உப்புநீரில் ஊறவைத்த மட்டையிலும் இது அதிகம். கட்டியை அகன்ற தொட்டியில் ஊறவிட்டு உதிர்த்ததும் நீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கும். பலர் அந்த நிறம் போனதும் கழுவியது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நிறத்துக்கும் உப்புக்கும் தொடர்பில்லை. உப்பின் அளவை மின்கடத்துதிறன் மூலம் காட்டும் இ.சி. மீட்டரை வடிந்த நீரில் வைத்துப் பார்த்து, அளவு 0.5 mS/cm-க்குக் கீழே வந்த பிறகே சிறுவிதைக்குப் பயன்படுத்துங்கள். அப்படியும் நார்த்துகளின் மேல் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் நீரில் முழுவதும் போகா. 5 கிலோ கட்டி ஒன்றுக்கு 100 கிராம் அளவில் கால்சியம் நைட்ரேட்டை நீரில் கரைத்து ஊற்றி, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நல்ல நீரில் அலசுங்கள். சுண்ணாம்புச் சத்து உள்ளே புகுந்து மற்ற இரண்டையும் வெளியே தள்ளும். பிறகு நன்றாகச் சலித்து, நார் இல்லாத நுண்பொடியோடு வெர்மிகுலைட் என்ற நீர்பிடிக்கும் கனிமத் துகளைச் சேர்த்தால் பெட்டூனியா சீராக முளைக்கும். ஓசூர்ப் பக்கத்தில் காய்கறி நாற்றுப்பண்ணைகள் நெடுங்காலமாக நார்க்கழிவில்தான் குழித்தட்டு நிரப்புகின்றன.

பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 112-க்கு 1. அதனால் அது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு மட்கவைக்கும் கோவை வேளாண் பல்கலைக்கழக முறையில் அந்த விகிதம் 24-க்கு 1 வரைக்கும் இறங்கும். பெரிய தொட்டிகளுக்கு அதுவே உகந்தது.

இப்போது மறைக்கக் கூடாத பகுதி. கழுவிய நீரை எங்கே விடுகிறோம்? பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் நார்க்கழிவு மலைமலையாகக் குவிந்து கிடந்து, மழையிலும் கழுவும் நீரிலும் இறங்கிய சாறு கிணறுகளைப் பழுப்பாக்கிவிட்டது என்று விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தார்கள். 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை மாசு மிகக் குறைந்த வெள்ளை வகையிலிருந்து கட்டுப்பாடு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. தொழிலில் உள்ள பலருக்கு அது கசப்பாக இருந்தது. என்னைக் கேட்டால், கழுவும் நீரைத் தொட்டி கட்டிப் பிடித்து, சுத்திகரித்து, மறுபடி பயன்படுத்தாமல் நாங்கள் 'பசுமையான மாற்று' என்று ஏற்றுமதி அட்டையில் அச்சிடுவது சரியாகாது. குளிர்நாட்டுச் சதுப்பைக் காப்பாற்றும் செலவை ஆனைமலை அடிவாரத்துக் கிணறு ஏற்க வேண்டியதில்லை. வாங்குபவர்கள் இ.சி. அளவைக் கேட்பதுபோல, கழுவிய நீர் எங்கே போகிறது என்பதையும் கேட்டால்தான் விற்பவர்கள் மாறுவார்கள்.

மறுமொழி: வேளச்சேரி மாடித்தோட்டம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பருவத்துக்குப் பீட் வாங்கப் போவதில்லை. போரூர் நண்பர் சொன்னபடி கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்துச் சலித்த நார்ப்பொடியில் பெட்டூனியாவை விதைக்கிறேன். அலசிய நீரை மாடியிலிருந்து தெருவுக்கு விடாமல், வாழைக்கும் வேலியோர முருங்கைக்கும் மாற்றிமாற்றி விடலாம் என்று நினைக்கிறேன். அதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.

ஆசிரியர் ஐயாவிடம் இன்னும் இரண்டு ஐயங்கள். வடித்த சதுப்பை மறுபடி நனைத்தால் மீத்தேன் வருமே, அது கரியமில வாயுவைவிடக் கடுமையானது அல்லவா? அடுத்து, மாதவரம் நண்பர் சொன்ன அயர்லாந்துக் கணக்குக்கு என்ன பதில்?

பதில்: அடையாறு மண்ணியல் ஆசிரியர் (ஓய்வு)

மீத்தேன் வரத்தான் செய்யும். காற்று இல்லாத ஈரமண்ணில் அதை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நனைத்த தொடக்க ஆண்டுகளில், குறிப்பாக நிலத்தின் மேல் நீர் தேங்கி நின்றால், அதன் அளவு கூடும். ஆனால் மீத்தேன் காற்றுமண்டலத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் இருந்து சிதைந்துவிடும். வடித்த பீட்டிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் கரியமில வாயுவோ நூற்றாண்டுக்கணக்கில் குவிந்துகொண்டே போகும். ஒன்று குறிப்பிட்ட அளவில் நின்றுவிடும், மற்றது ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், தாமதிக்காமல் நனைப்பதே புவி சூடாவதைக் குறைக்கும் என்று கணித்திருக்கிறார்கள். நீர்மட்டத்தைத் தரைக்குச் சற்றுக் கீழே நிறுத்தத் தெரிந்தவர்கள் மீத்தேனையும் பெருமளவு குறைத்துவிடுகிறார்கள்.

அயர்லாந்தைப் பற்றி மாதவரம் நண்பர் கூறியது சரியானது. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் வேறுபடுகிறேன். தேவை வேறு நாட்டுக்கு இடம்பெயர்ந்தது என்றால், தடையை ஒரு நாடு தனியாகப் போட்டது போதாது, மாற்றுப்பொருளும் அதே நேரத்தில் வந்திருக்க வேண்டும் என்றே அது காட்டுகிறது. இங்கிலாந்திலும் அதுதான் குறை: வீட்டுத்தோட்டக்காரர்களுக்குப் பீட் விற்பதை 2024-க்குள் நிறுத்தப்போவதாக 2022-இல் அறிவித்தார்கள், அதற்கான சட்டம் உரிய காலத்தில் வரவில்லை. ஜெர்மனியின் வடமேற்கில், பீட் எடுத்து முடித்த நிலங்களில் நீரை உயர்த்தி ஸ்பாக்னம் பாசியையே பயிராக வளர்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலோட்டமாக அறுத்து, நாற்றுக் கலவைக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். நிலம் ஈரமாகவே இருக்கும், விளைச்சலும் கிடைக்கும், பழைய பீட்டையும் தொட வேண்டியதில்லை. செலவு இன்னும் அதிகம். ஆயினும் எடுக்கும் தொழில் என்று ஒன்று தொடர வேண்டுமானால் அது இந்தத் திசையில் போக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதுவரைக்கும் என் நிலைப்பாடு இதுதான். புதிய சதுப்பு எதையும் திறக்கக் கூடாது. வடித்துக் கைவிடப்பட்ட நிலங்களை நனைப்பதற்கான பணத்தை எடுப்பவர்களிடமிருந்து முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். தொழில் நொடித்துப்போன பிறகு யாரிடம் கேட்பது? மாற்றே இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும், தாம்பரம் நண்பர் சொன்னபடி அடித்தடிமனை விட்டுவைக்கும் ஒப்பந்தத்தோடு, படிப்படியாகக் குறையும் அளவில் எடுக்கலாம். மாடித்தோட்டப் பெட்டூனியா அந்தப் பட்டியலில் வராது.

அலசிய நீரைப் பற்றி: கால்சியம் நைட்ரேட் ஊறிய முதல் நீரில் சோடியம் மிகுந்திருக்கும். அதை ஒரே மரத்தடியில் தொடர்ந்து ஊற்றாதீர்கள். முருங்கையைவிட வாழை உப்பைத் தாங்காது. இரண்டாவது, மூன்றாவது அலசல் நீரை வாழைக்குக் கொடுப்பதில் தடை இல்லை.

பதில்: உதகையிலிருந்து தாம்பரம்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நீலகிரிச் சதுப்புகளை மீட்பதற்குக் கனடா முறையை அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே நிலம் சரிவானது. பருவமழை ஒரே மூச்சில் கொட்டும். பெரிய தடுப்பு ஒன்றைக் கட்டினால் அதன் ஓரத்தை அரித்துக்கொண்டு வெள்ளம் புதுவழி போடும். வாய்க்காலின் மேல்முனையிலிருந்து தொடங்கி, சிறுசிறு இடைவெளியில் மரப்பலகையும் அதே மண்ணும் புல்கட்டியும் கொண்டு தாழ்வான அடைப்புகளை இட்டு வருவதுதான் பொருந்தும். சுற்றிலும் முளைத்திருக்கும் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். புல்லை நடும்போது எங்கிருந்தோ விதை வாங்காமல், அடுத்த பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள சதுப்பிலிருந்தே தூர் எடுத்து நடவேண்டும். எந்தப் புல்லை எங்கே எடுப்பது என்று தோடர் பெரியவர்களைக் கேட்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கேரட் பயிரிடும் குடும்பங்களுக்கு அந்த நிலத்தை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக என்ன தருவது என்ற கேள்வி இன்னும் தீராமல் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் அடைத்த வாய்க்கால் அடுத்த விதைப்புக்குள் மறுபடி திறக்கப்பட்டுவிடும். இந்த ஈட்டுத்தொகையைப் பற்றி வேளாண் பொருளாதாரம் அறிந்தவர் யாரேனும் இங்கே இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.